சிவப்பை வெட்டி விட்ட ஒயர்கள்

பென்னாகரத்தில் எனக்கு ஒரு மோட்டார் வைண்டிங் கடை இருக்கிறது. புகைந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது என் வேலை. பொம்பளைக்கு என்ன வைண்டிங் தெரியும் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் உண்டு. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள் என்று சொல்லிவிடுவேன். எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது.

என் வீட்டுக்காரருக்கு அது நன்றாக வரும். அவர் படகு ஓட்டுகிறவர். மேட்டூர் அணையில் தண்ணீர் ஏறினால் காவிரி எங்கள் பக்கத்துக் காடுமேட்டையெல்லாம் மூடிக்கொண்டு அகன்று நிற்கும். இக்கரை தருமபுரி மாவட்டம், அக்கரை சேலம் மாவட்டம். ரோட்டில் சுற்றிப் போனால் அரைநாள் வீண். படகில் ஏறினால் வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் அக்கரை. ஏழெட்டுப் பேர் உட்காரும் சின்ன ஃபைபர் படகு. ஒரு டீசல் எஞ்சின், ஒரு பேட்டரி, முன்னால் ஒரு விளக்கு, ஒரு ஹாரன், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே எறிய ஒரு சின்னப் பம்ப். இவ்வளவுதான் அதற்குள் இருக்கிற கரண்டு சாமான். இதற்கு எத்தனை ஒயர் வேண்டும்? ஒரு கைப்பிடி போதும். அந்தக் கைப்பிடி ஒயர்தான் எங்கள் வீட்டில் ஒரு மாதம் சோறு தூக்கம் இல்லாமல் செய்தது.

ஆனி மாதக் காற்றில் அது ஆரம்பித்தது. அக்கரையிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வந்தவருக்கு நடுத்தண்ணீரில் அலை ஏறி அடித்திருக்கிறது. படகுக்குள் தண்ணீர். பம்ப் போட்டால் ஓடவில்லை. அலை உலுக்கியதில் ஒயர் இணைப்பு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பலகையைத் தூக்கி, குனிந்து, இரண்டு ஒயரையும் மறுபடி சேர்த்து முறுக்கியிருக்கிறார். பம்ப் சுற்றியது. சத்தமும் வந்தது. தண்ணீர் மட்டும் வெளியே போகவில்லை. அக்கரைச் சந்தையில் ஆடு வாங்கிக்கொண்டு வந்த கிழவி ஒருத்தி தன் தூக்குப்போசியில் இருந்த மிச்சச் சோற்றை ஆற்றில் கொட்டிவிட்டு, அந்தப் போசியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாளாம். ஆடு ஒருபக்கம் கத்த, இவள் ஒருபக்கம் கத்த, எப்படியோ கரை சேர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே கரையில் நின்றுகொண்டு கிழவி எல்லோரும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள்.

"இனிமே இந்தப் படகுல நானும் ஏற மாட்டன், என் ஆடும் ஏறாது."

துறையில் இன்னொரு படகும் இருக்கிறது. அடுத்த நாளிலிருந்து ஆட்கள் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். இவர் படகு பக்கத்தில் சும்மா ஆடிக்கொண்டு நின்றது. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் சுற்றுவட்டாரமே ஆற்றுக்கு வரும். அன்றைக்கு யார் படகில் ஜனம் ஏறிப் பழகுகிறதோ, வருஷம் முழுக்க அந்தப் படகுதான். அதற்குள் இவர் படகு சரியாகி, ஜனம் மறுபடி நம்பி ஏற வேண்டும். ஏறாவிட்டால் துறையில் அவருக்கு இடமில்லை. பரிசலில் துடுப்புப் போட ஆரம்பித்த காலத்திலிருந்து தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷர். கரையில் உட்கார வைத்தால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து எனக்கு யோசனை சொல்ல ஆரம்பிப்பார். அது எனக்கு வேண்டாம்.

நடந்ததை அவர் வீட்டில் சொன்னதும் எனக்கு வந்ததே கோபம்!

"பிளஸ் மைனஸ மாத்திக் குடுத்திருக்கீங்க. அதான் பம்பு திரும்பிச் சுத்தியிருக்குது. ஊருல இருக்கற மோட்டாரையெல்லாம் நான் சரி பண்றன், எங்கூட்டு ஆளு ரெண்டு ஒயர ஒழுங்கா சேக்க மாட்டீங்கறீங்க. கண்ணு எங்க வச்சிருந்தீங்க?"

"அவசரத்துல மாறிப்போச்சு புள்ள."

"அவசரத்துல சோத்த மூக்குலயா திங்கறீங்க?"

அவர் சிரித்தார். எப்போதும் அப்படித்தான். நான் கத்தினால் சிரிப்பார். அன்றைக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுபோனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, படகு போய்விடுமோ என்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

படகைக் கரையேற்றிப் புங்க மரத்தடியில் கவிழாமல் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். கடையைப் பூட்டிவிட்டு நானே ஒயரிங்கைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

பலகையைத் தூக்கியதும் தலை சுற்றியது. இந்தப் படகை எங்களுக்கு முன்னால் வைத்திருந்த ஆட்கள் போட்ட பழைய ஒயரில் சிவப்பு இருந்தது, கறுப்பு இருந்தது, பச்சையும் பிரவுனும் இருந்தன. எது எங்கே போகிறது என்று ஒரு முறையும் இல்லை. நடுநடுவே ஒட்டுப்போட்ட இடமெல்லாம் போர்வெல் கேபிள். எங்கள் பக்கத்தில் தண்ணீரைத் தேடிப் பூமியில் ஓட்டை போடாத காடு இல்லை. வற்றிப்போன போரிலிருந்து மோட்டாரை உருவினால் கூடவே அந்தத் தட்டைக் கேபிளும் மலைப்பாம்பு மாதிரி வந்து விழும். உள்ளே மூன்று ஒயர்: சிவப்பு, மஞ்சள், நீலம். எங்கள் ஊரில் அந்தக் கேபிளைத் தூக்கி எறிகிறவன் கிடையாது. துணிக்கொடி அதில், மாட்டுக்கொட்டாய் விளக்கு அதில், கோயில் சீரியல் பல்புக்குக்கூட அதுதான். படகிலும் என் வீட்டுக்காரர் அதையே ஒட்டுக்குப் போட்டு வைத்திருந்தார். தண்ணீர் இல்லாத போரில் கிடந்தது இப்போது தண்ணீர் மேல் கிடக்கிறது.

அதிலும் ஒரு கூத்து. அவர் ஒட்டிய இடத்திலெல்லாம் மஞ்சளும் நீலமும் மட்டும்தான் சேர்த்திருந்தது. சிவப்பை ஒட்ட வெட்டி விட்டிருந்தார். ஒரு இடத்தில் இல்லை, எல்லா இடத்திலும். பிளஸ்ஸுக்குச் சிவப்பு கையிலேயே இருக்கும்போது அதை வெட்டிவிட்டு வேறு இரண்டைச் சேர்க்கிறவனை என்னவென்று சொல்வது?

"செகப்பு உங்களுக்கு என்னாங்க பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டு போதும்னு விட்டன்."

"ரெண்டுல ஒண்ணு செகப்பா இருக்கக் கூடாதா?"

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஒயர்களில் அங்கங்கே வலைநூல் சுற்றியிருந்தது. மீன் வலை பின்னுகிற நைலான் நூல். சிலதில் ஒரு முடிச்சு, சிலதில் இரண்டு. டேப் வாங்கச் சோம்பல்பட்டு நூலைச் சுற்றியிருக்கிறார் என்று திட்டிக்கொண்டே கத்தரியால் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். பழைய ஒயர் மொத்தமும் சாக்கில் போனது.

என் தம்பி லாரி எலக்ட்ரீஷியன். சேலம் ரோட்டில் அவன் ஷெட். நான் கூப்பிட்டதும் வந்தான். வந்தவன் வேலை செய்ததைவிட வாய் அதிகம் பேசினான்.

"அக்கா, உனக்கு வூட்டு ஒயரிங்கும் போர் மோட்டாரும்தான் தெரியும். பேட்டரி வண்டின்னா அது வேற கணக்கு. பிளஸ்ஸு செகப்பு, மைனஸு கறுப்பு. வெளக்குக்குப் பச்ச, பம்புக்கு பிரவுனு. நான் லாரில அப்பிடித்தான் போடறன். எவன் தொறந்து பாத்தாலும் புரியும்."

"உன் லாரி ஆத்துல ஓடுதாடா?"

"உன் படகு மட்டும் கரண்டு கம்பத்துலயா ஓடுது?"

அவன் மாமன், அதாவது என் வீட்டுக்காரர், எங்கள் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவர் படகு, அவரிடம் ஒரு வார்த்தைகூட நாங்கள் கேட்கவில்லை. கடைசியில் தம்பி சொன்னபடியே போட்டேன். கரண்டு வேலையில் கலர் என்பது பேச்சு மாதிரி. போட்டவன் செத்தாலும் அடுத்து வருகிறவனுக்கு அது சொல்ல வேண்டும். கலர் மாற்றிப் போடுகிறவன் பொய் சொல்கிறவன். அப்படித்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். படகில் சிவப்பு, கறுப்பு, பச்சை, பிரவுன் நான்கும் பின்னல் போட்ட மாதிரி ஒழுங்காக, பிளாஸ்டிக் பைப்புக்குள் ஓடின. ஒவ்வொரு முனையிலும் லக் என்கிற செம்புக் காது வைத்து அழுத்தினேன். முடித்ததும் எனக்கே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு படகு இறங்கவில்லை.

பெயிண்ட் காயவில்லை என்றார். காய்ந்தது. காற்று அடங்கட்டும் என்றார். ஆடியில் என்றைக்கு எங்கள் பக்கம் காற்று அடங்கியிருக்கிறது? அமாவாசை போகட்டும் என்றார். இவர் அமாவாசை பார்த்து நான் பார்த்ததில்லை. மேலே கர்நாடகத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், புதுத்தண்ணீர் வருகிறது என்று துறையில் பேச்சு. புதுத்தண்ணீர் வந்தால் ஊரே போய் நின்று, பாரு எப்படிச் செம்மண் கலரில் வருகிறது என்று வேடிக்கை பார்க்கும். இவர் மட்டும் ஜனத்துக்கு முன்னாலேயே, விடியும்போதே கரையில் குனிந்து கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார்: குளிர்ச்சி மாறிவிட்டது, நுரை வருகிறது, புதுத்தண்ணீர்தான். அவருடைய அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. கலர் என்ற பேச்சை அவர் எடுத்ததே இல்லை என்பது மண்டையில் ஏறவில்லை.

ஆடிப் பதினெட்டு நெருங்கிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவரை இழுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போனேன். பம்பின் இணைப்பை என் கையால் பிடுங்கிவிட்டேன்.

"இப்ப நடுத்தண்ணில பிச்சுக்கிச்சுன்னு வச்சுக்குங்க. சேருங்க பாக்கலாம். சேத்துட்டீங்கன்னா நாளைக்கே எறக்கறோம்."

பலகைக்கு அடியில் நிழல். அவர் குனிந்தார். நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒயரைப் பார்க்கவே இல்லை. விரல்தான் ஒயர் மேல் நடந்தது. முனையிலிருந்து மேலே போனது, திரும்பி வந்தது, பக்கத்து ஒயருக்குப் போனது. பூரான் ஊர்கிற மாதிரி எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

"என்னாங்க தடவறீங்க? கண்ணால பாத்து எடுங்க."

அவர் விரல் நின்றது.

"முடிச்சு எங்க புள்ள?"

"என்னா முடிச்சு?"

"நூல்ல போட்டிருந்தனே. ஒரு முடிச்சு பிளஸ்ஸு, ரெண்டு முடிச்சு மைனஸு."

"அந்த நூலா? வெட்டி எறிஞ்சிட்டன். இவ்ளோ அழகா செகப்பு கறுப்பு போட்டிருக்கன், முடிச்சு என்னாத்துக்கு?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் புள்ள தெரியுது எனக்கு."

முதலில் கிண்டல் என்று நினைத்தேன். வாய் திறந்துவிட்டேன்கூட. அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். பையிலிருந்து ஒயர்த் துண்டுகளை எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்தேன். எது எது ஒரே கலர் என்று சேர்த்து வையுங்கள் என்றேன். பச்சையையும் பிரவுனையும் ஒன்றாக வைத்தார். சிவப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கறுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். மஞ்சளை மட்டும் நான் வைத்த உடனே எடுத்தார். நீலத்தையும் அப்படியே. அது இரண்டும் அவர் கைக்கு ஓடி வந்தன.

சாக்கில் போட்ட பழைய ஒட்டுகள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன. மஞ்சளும் நீலமும் மட்டும். சிவப்பு வெட்டி விட்டது. அவர் கண்ணுக்குத் தெரியாததை அவர் வெட்டியிருக்கிறார். கறுப்பு, சிவப்பு, பச்சை, பிரவுன் என்று அவருக்கு எதெல்லாம் குழப்பமோ அதையெல்லாம் தேடிப் பிடித்து நானும் என் தம்பியும் பின்னல் போட்டு வைத்திருக்கிறோம்.

பிறகு அவராகவே சொன்னார். வாலிபத்தில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது போயிருக்கிறார். ஓட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்திருக்கிறார். அப்புறம் புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார்களாம்.

"நம்பரே இல்லீங்க, புள்ளிதான் இருக்குதுன்னு சொன்னன். அந்தாளு சிரிச்சிட்டு, போப்பான்னுட்டான். பம்பு மாத்துன ஆளு இந்தப் பங்குனில அதுல இருந்த முடிச்ச வெட்டிட்டான். கட்டணும் கட்டணும்னு விட்டுட்டன். அதான் அன்னிக்கு மாறிப்போச்சு. கரை சேந்தப்புறம்தான் அத மறுபடி கட்டுனன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா கடைக்கு வர்றவங்கிட்ட கத்துவ. மக்கள ஏத்திக்கிட்டு ஓட்றவனுக்குக் கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா எவன் புள்ள ஏறுவான்?"

கத்துவேன்தான். அதில் பொய் இல்லை. ஆனால் இதைக் கத்தியிருப்பேனா? அவரைத் திட்டினேன். இத்தனை வருஷம் ஒரே தட்டில் தின்றுவிட்டு இதை மறைத்தீர்களே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். திட்டத் திட்ட ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் தருமபுரிக்குப் போய் எனக்குக் கிளிப்பச்சைச் சேலை எடுத்துக்கொண்டு வந்தேன் என்று பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் காப்பிப்பொடிக் கலர். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அந்தக் கடைக்காரனை இன்றுவரைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன். தோட்டத்தில் மிளகாய் பறிக்கச் சொன்னால் பழத்தையும் காயையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டுவார். தக்காளியை எப்போதும் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். நான் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தச் சேல?" என்று கேட்டேன்.

"எந்தச் சேல? கிளிப்பச்சையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருக்கும் சிரிப்பு. என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார்.

மறுநாள் தம்பியை மறுபடி வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் மாமனைப் பார்த்தான். "மாமா, அப்ப சிக்னல்ல எப்பிடி வண்டி ஓட்டுன?" என்றான்.

"மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. நீ என்னா கலரப் பாத்தா ஓட்ற? பின்னாடி நிக்கறவன் ஆரனடிச்சாத்தான் நீ எடுக்கற."

நான் சொன்னேன், கறுப்பை எடுத்துவிடலாம், மைனஸுக்கு மஞ்சள் போடலாம் என்று. அதைச் சொல்லும்போதே எனக்கு உள்ளங்கை கூசியது. என் கடையில் மஞ்சள் என்றால் கரண்டு வருகிற ஒயர். மூன்று பேஸில் நடுவில் இருக்கிறது. தொட்டால் தூக்கி எறியும். கறுப்புதான் ஆளை ஒன்றும் செய்யாத நியூட்ரல். இத்தனை காலம் கைக்குச் சொல்லிக் கொடுத்ததை ஒரே நாளில் மாற்று என்றால் கை கேட்குமா? பேட்டரி ஆளைக் கொல்லாது என்று மண்டைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

தம்பி குதித்தான்.

"மைனஸுக்கு மஞ்சளா? எந்த ஊர்லக்கா இருக்குது? நாளைக்கு வேற ஒருத்தன் தொறந்தா என்னான்னு நெனப்பான்?"

"பேட்டரில இருக்கறதே ரெண்டு. ஒண்ணு செகப்புன்னா இன்னொண்ணு என்னான்னு தெரியாதவன் என் படகத் தொட வேணாம்."

"உனுக்கு மஞ்சன்னாலே பயம். நீயே தொட மாட்ட."

"தொடறன் பாரு."

அவர் நடுவில் வந்தார். இந்தத் தடவை பேசினார். "சண்ட போடாதீங்க. பிளஸ்ஸுக்கு செகப்பே இருக்கட்டும். எனக்கு அது இருட்டாத் தெரியும், பரவால்ல. மஞ்ச பக்கத்துல இருந்தா அது பளிச்சுனு தெரியும். சுவிட்சுலருந்து பம்புக்குப் போறது நீலம் போட்டுடு. மூணும் எனக்கு வேற வேறயா இருக்குது. அது போதும்."

சிவப்பு, மஞ்சள், நீலம். நான் திட்டித் தீர்த்துச் சாக்கில் போட்ட போர் கேபிளின் அதே மூன்று கலர். மூன்று பேரும் சாக்கைப் பார்த்தோம்.

பின்னல் பின்னலாகப் போட்டதை மறுபடி உருவினேன். விளக்குக்கும் ஹாரனுக்கும் பம்ப் சுவிட்சுக்கும் பிளஸ் சிவப்பு, எல்லா மைனஸும் மஞ்சள், சுவிட்சிலிருந்து பம்புக்கு நீலம். பம்போடு வந்த குட்டைக் கறுப்பு ஒயரை ஒட்ட வெட்டிவிட்டு மஞ்சளை இணைத்தேன். முதல் மஞ்சளைப் பேட்டரியில் மாட்டும்போது டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தேன். தம்பி பார்த்துக்கொண்டே சிரித்தான். சிரிக்கட்டும். கடலோரத்தில் படகு கட்டுகிற ஷெட் ஒன்றில் அவனுக்குக் கூட்டாளி இருக்கிறான். அவனிடம் போனில் கேட்டிருக்கிறான். சில படகில் மைனஸுக்கு மஞ்சளும் போடுவது உண்டு என்று அந்தக் கூட்டாளி சொல்லியிருக்கிறான். அதை என்னிடம் சொல்ல வேண்டுமே. "போட்டா போடலாமாம்" என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனிடமிருந்து அதற்கு மேல் கிடைக்காது.

கலர் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. பலகைக்கு அடியில் இருட்டு. மழை அடித்தால் மஞ்சளும் தெரியாது. வலைநூலைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு பிளஸ்ஸிலும் ஒரு முடிச்சு, மைனஸில் இரண்டு. என் முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. வைண்டிங்கில் கட்டுகிற முடிச்சு தண்ணீரில் நிற்காதாம். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு அவர் கட்டினார். நான் டார்ச் பிடித்தேன். கட்டி முடித்ததும் பம்பின் இணைப்பைப் பிடுங்கிக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக் காட்டினார். நான் பக்கெட்டில் மொண்டு படகுக்குள் ஊற்றினேன். பம்ப் அதை அப்படியே தம்பியின் பேண்ட் மேல் எறிந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு நானும் துறைக்குப் போனேன். கடை லீவு. கரை முழுக்க ஜனம். புதுத்தாலி மாற்றுகிறவர்கள், முளைப்பாரி விடுகிறவர்கள், குழந்தைகளைத் தண்ணீரில் முக்கி எடுத்து அழ வைக்கிறவர்கள். இவர் படகைத் தண்ணீரில் இறக்கி நிறுத்தியிருந்தார். அக்கரைக்குப் போக ஒரு கும்பல் நின்றது. யாரும் இவர் படகுக்கு வரவில்லை. அடுத்த படகு வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கும்பலில் அதே ஆட்டுக்காரக் கிழவி, அதே தூக்குப்போசியோடு. இந்தத் தடவை வேறு ஆடு.

பலகை திறந்திருந்தது. ஒரு இளவட்டம் எட்டிப் பார்த்தான்.

"என்னாங்க மாமா, படகு பூரா மஞ்சக் கயிறு? படகுக்குத் தாலி கட்டிட்டீங்களா?"

கும்பல் சிரித்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு செகப்பு, பச்சையெல்லாம் சரியா தெரியாதுப்பா. பொறந்ததுலருந்தே அப்பிடித்தான். அன்னிக்கு ஒயர மாத்துனதும் அதனாலதான். எங்கூட்டுக்காரி எனக்குத் தெரியற கலரா பாத்துப் போட்டுக் குடுத்திருக்கா. முடிச்சும் இருக்குது. கண்ண மூடிக்கிட்டும் சேப்பன்."

என்னிடம் சொல்ல அவருக்கு ஒரு ஆயுசு பிடித்தது. ஊர்க்கும்பலிடம் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். சிரிப்பு நின்றுபோனது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். படகில் காலை வைக்க வந்த ஒருவர் காலைப் பின்னால் எடுத்தார். எனக்கு அந்தக் காலை ஒடித்துப் போடலாம்போல் இருந்தது. வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் கிழவி திறந்துவிட்டாள்.

"ஏம்ப்பா, தண்ணி தெரியுதில்ல உனக்கு?"

"தெரியுது ஆத்தா."

"அக்கர தெரியுதா?"

"தெரியுது."

"பம்பு தண்ணிய எறைக்குமா, இல்ல இன்னிக்கும் என் சோத்தக் கொட்டணுமா?"

அவர் குனிந்தார். பம்பின் இணைப்பைப் பிடுங்கினார். தலையை நிமிர்த்தி, கிழவியைப் பார்த்துக்கொண்டே, கையால் மட்டும் சேர்த்தார். ஆற்றில் ஒரு குடம் மொண்டு படகுக்குள் ஊற்றினார். சுவிட்சைப் போட்டதும் படகின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் வளைந்து போய் ஆற்றில் விழுந்தது.

கிழவி ஆட்டுக் கயிற்றைக் கையில் சுருட்டினாள்.

"எங்கூட்டு ஆளுக்கு ஏழு கலரும் தெரிஞ்சுது. ஊடு எதுன்னு மட்டும் தெரியாம சுத்திக்கிட்டுக் கெடந்தான். ஆட்டப் புடி."

ஆட்டை அவர் கையில் திணித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். காலைப் பின்னால் எடுத்தவரும் ஏறினார். அவரை நான் முறைத்தேன். பின்னாலேயே ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியில் இடமில்லை, அடுத்த நடைக்கு வாருங்கள் என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போது அவர் குரலைக் கேட்க வேண்டுமே. அப்பனே, கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிற ஆபீசர் மாதிரி.

எஞ்சின் பிடித்தது. படகு கரையை விட்டு நகர்ந்தது. அன்றைக்கு நான் பெட்டியின் அடியில் கிடந்த அந்தப் பழைய சேலையைக் கட்டியிருந்தேன். ஏன் கட்டினேன் என்று கேட்க வேண்டாம். அவர் தண்ணீரிலிருந்து, அத்தனை ஜனத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏ புள்ள, கிளிப்பச்ச உனக்கு நல்லாருக்குது!"

பக்கத்தில் நின்ற பொம்பளைகள் என் சேலையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"முன்னாடி பாத்து ஓட்டுங்க" என்று கத்தினேன்.